தேடிவிட்டு வந்து கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

தொண்டி தொடங்கி சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, யாரிடம் கேட்பது, எதை நாமே தேடிக்கொள்வது என்ற விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அதனால் இந்த முறை சினிமா கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஃபைபர் படகின் டீசல் என்ஜின் திடீரென்று ஸ்டார்ட் ஆகவில்லை. படகுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "என்ஜின் ஸ்டார்ட் ஆகலை, என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். ஒருவர் "யூடியூப்ல பாரு" என்றார், இன்னொருவர் சிரிக்கிற பொம்மை போட்டார், மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். கேட்டது தப்பா?
(பாம்பனிலிருந்து ஒரு வாசகர்)

கேட்டது தப்பே இல்லை தம்பி. ஆனால் நீங்கள் கேட்டதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல யாராலும் முடியாது. என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பத்துப் பதினைந்து காரணம் இருக்கும், அதில் எது உங்களுடையது என்று உங்களிடமே ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுமை, வலை இழுத்துவிட்டு வந்து போனைப் பார்க்கிற ஆளுக்கு எப்படி இருக்கும்?

குழுவில் எழுதுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். டீசல் என்ஜினுக்கு வேண்டியது டீசல், காற்று, சிலிண்டருக்குள் நல்ல அமுக்கம், இந்த மூன்றும்தான். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது புகைக்குழாயைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. வெள்ளையாகப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது; அப்போது டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, அமுக்கம் குறைந்திருக்கிறதா என்று போக வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் ஃபில்டரின் அடியில்தான் தங்கும், அடியைத் திறந்து ஒரு டம்ளரில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டேங்க் ஒரு முறை காலியாகி நின்றிருந்தாலோ, ஃபில்டரை மாற்றியிருந்தாலோ குழாயில் காற்று புகுந்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு நீங்கள் எழுதப்போகும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். "ஒத்த சிலிண்டர் டீசல் என்ஜின். நேத்து கரைக்கு வரும்போது டேங்க் காலியாகி நின்னுடுச்சு. இன்னிக்கு டீசல் ஊத்தி ஹேண்டில் போட்டேன். நல்லா சுத்துது, புகையே இல்லை. ஃபில்டர்ல தண்ணி இல்லை, பாத்துட்டேன்." இப்படிப் போட்டுப் பாருங்கள், முதலில் படிக்கிறவர் டீக்கடையில் நின்றுகொண்டே பதில் தட்டுவார்: "ஏர் புடிச்சிருக்கு, லைன்ல உள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, நுரை நின்னு சுத்தமா டீசல் வர்ற வரைக்கும் பம்ப் அடி." நிறைய நேரம் இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே விஷயம் நமக்கே பிடிபட்டு, அனுப்பாமல் அழித்துவிடுவோம். அதுவும் நல்லதுதான்.

இதில் ஒன்று கவனியுங்கள். டேங்க் காலியானதைத்தான் முக்கால்வாசிப் பேர் சொல்ல மாட்டார்கள், வெட்கம். "டீசல் பாக்காம கடலுக்குப் போனியா"ன்னு திட்டுவார்களே என்று. ஆனால் பதிலுக்கான சாவியே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. டாக்டரிடம் நாட்டு மருந்து சாப்பிட்டதை மறைக்கிற கதைதான் இது.

"யூடியூப்ல பாரு" என்று சொன்னவரையும் நான் விடப்போவதில்லை. எந்த வீடியோ என்று ஒரு லிங்க் கொடுத்திருந்தால் அது பதில். வெறுமனே "பாரு" என்பது, தனக்கும் தெரியாது என்பதைக் கொஞ்சம் மிடுக்காகச் சொல்வது.

அப்புறம், இந்த அரை மணி நேரக் கணக்கெல்லாம் கரையில் இருக்கும்போது மட்டும். நடுக்கடலில் என்ஜின் நின்று, படகை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது என்றால் ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம். விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16ஆம் சேனல், சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் 1554. உடனே கூப்பிடுங்கள், எப்படிக் கேட்டாலும் அங்கே யாரும் சிரிக்கிற பொம்மை போட மாட்டார்கள்.

வழி கேட்டால் "தெரியாது" என்று சொல்லாமல் ஏதாவது ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுகிறார்களே, ஏன்?
(ஏர்வாடி வந்துபோன ஒரு வாசகர்)

கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அடுத்த முறை "ஏர்வாடிக்கு இந்த ரோடுதானே?" என்று கேட்காதீர்கள், "ஆமா" என்றுதான் வரும். "ஏர்வாடிக்கு எந்த ரோடு?" என்று கேளுங்கள்.

என் மகள் பத்தாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் போனில் ஏஐ-யிடம் கேட்டு எழுதிவிடுகிறாள். புத்தகத்தைப் புரட்டுவதே இல்லை. தடுக்கலாமா?
(கீழக்கரையிலிருந்து ஒரு தாய்)

தடுத்தால் ஒளிந்துகொண்டு கேட்பாள், சகோதரி. அதைவிட, பதிலைச் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள். பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. "மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள்?" என்று அவளையே தேடச் சொல்லுங்கள். 45 நாள் என்று ஒரு பக்கம் சொல்லும், 61 நாள் என்று இன்னொன்று சொல்லும். இரண்டும் பொய் இல்லை. முன்பு 45 நாளாக இருந்ததைப் பிறகு 61 ஆக்கினார்கள், பழைய பக்கங்களை யாரும் திருத்தாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். சரி, 61 நாள், எப்போது? நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேள்வியில் எந்தக் கரை என்று சொல்லாவிட்டால் ஏஐ மட்டும் என்ன செய்யும், மனிதரே தவறாகத்தான் சொல்வார். நம் பக்கம் நாட்டுப்படகு இந்த நாட்களிலும் கடலுக்குப் போகிறதே, அப்புறம் எப்படித் தடை என்று அவள் கேட்டால், விசைப்படகு, நாட்டுப்படகு வித்தியாசத்துக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்கு நேராகக் கடற்கரைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் எந்த வருஷத்துச் செய்தி, எந்த ஊருக்கு, யார் சொன்னது என்ற மூன்றையும் பார்த்தாளா என்று மட்டும் கேளுங்கள். பார்த்திருந்தால் புத்தகத்திலிருந்து எழுதினாலும் போனிலிருந்து எழுதினாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் பரீட்சை ஹாலில் போன் கிடையாது என்பதையும் இடையில் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

புயல் கூண்டில் 11தான் பெரிய எண். அப்படியானால் அதுதானே மிகப் பெரிய புயல்? (நானே தேடியிருக்கலாம், சோம்பேறித்தனம்.)
(மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்)

உண்மையைச் சொன்னதற்காகப் பதில் தருகிறேன். 1, 2 என்றால் புயல் சின்னம் தூரக் கடலில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 5, 6, 7 ஆபத்து. துறைமுகத்துக்கு இடப்பக்கமாகக் கடக்கும், வலப்பக்கமாகக் கடக்கும், மேலேயே அல்லது மிக அருகில் கடக்கும் என்று பிரிவு. 8, 9, 10 அதே வரிசையில் பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். 10ஐவிடப் பெரிய புயல் என்று நினைத்துத்தான் பலர் ஃபார்வர்ட் செய்கிறார்கள். 7ஐவிட 6 "குறைவு" என்று நினைப்பதும் அதே மாதிரிதான், அங்கே மாறுவது பக்கம்.

எங்கள் காலத்தில் காற்றைப் பார்த்தே கடலைச் சொல்வோம். இப்போது பையன்கள் போனைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், எங்களிடம் கேட்பதே இல்லை. எது சரி?
(தேவிபட்டினத்திலிருந்து ஒரு பெரியவர்)

அய்யா, ரெண்டும் வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை எவ்வளவு, காற்று எவ்வளவு, மீன் எங்கே கூடியிருக்கும் என்பதையெல்லாம் செயற்கைக்கோள் தகவலை வைத்துச் சொல்கிறது. நாளை மறுநாள் எங்கோ உருவாகப்போவதை நீங்கள் இங்கே கரையில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அதே சமயம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) அடங்கிக் கிடக்கும், வாடை வந்தால் அப்படியே தலைகீழ் என்பதையும், உங்கள் ஊருக்கு நேர் எதிரே எந்த இடத்தில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிறது, நீரோட்டம் எந்த நேரத்தில் திரும்பும் என்பதையும் போனைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். எழுதி வைக்கப்படாத விஷயத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும், தேடினால் கிடைக்காது.

பையன்களுக்கும் ஒன்று. ஆப்பில் காற்று வேகம் 20 என்று போட்டிருந்தால் அது கிலோமீட்டரா நாட்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர், 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர், அது வேறு கடல்.

கடல் அட்டை பற்றி ப்ராஜெக்ட் செய்கிறேன். ஒரு விஞ்ஞானிக்கு "முழு விவரமும் அனுப்புங்கள்" என்று மெயில் போட்டேன், பதிலே இல்லை. நம்மைப் போன்றவர்களை மதிப்பதில்லையா?
(ராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

மதிப்பதெல்லாம் இருக்கட்டும் அம்மா, "முழு விவரம்" என்றால் அவர் எதை அனுப்புவார்? அவருடைய முப்பது வருஷ வேலையையா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, 1949இலேயே உங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் மையம் இன்றும் இருக்கிறது. அந்த நிலையத்தின் கட்டுரைகள் ஏராளமாக இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. அதில் இரண்டு படியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் கடல் அட்டை பிடிப்பதற்குத் தடை வந்தது என்பதும் அதில் கிடைத்துவிடும். பிறகு, "உங்கள் கட்டுரையில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் எங்கள் ஊர் மீனவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள், எதனால்?" என்று நாலு வரி எழுதுங்கள். தான் எழுதியதை ஒரு பெண் படித்துவிட்டுக் கேட்கிறாள் என்றால் எந்த விஞ்ஞானிக்கும் பதில் எழுதக் கை பரபரக்கும். அதற்கும் பதில் வராவிட்டால் பஸ் ஏறி மண்டபத்துக்கே போய்விடுங்கள், உங்களுக்கு அது பக்கம்தானே.

தடைக்கால நிவாரணம் எனக்கு மட்டும் வரவில்லை. குழுவில் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்கிறார்கள்.
(தொண்டியிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பத்துப் பேருக்கும் தெரிய வாய்ப்பே இல்லை. இது கோப்பில் இருக்கிற விஷயம். முதலில் வங்கிக் கணக்கும் ஆதார் இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், மீன்துறை அலுவலகத்தில் ஒரு நடை கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு. காரணம் சொல்ல வேண்டியதில்லை, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே துறையில் முதல் மேல்முறையீடு.

"எனக்கு ஏன் பணம் வரவில்லை?" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் கிடைப்பது இருக்கிற ஆவணம், விளக்கம் இல்லை. "இந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பயனாளிகள் பட்டியலின் நகல், எனது விண்ணப்பத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்" என்று எழுதுங்கள். ஏன் என்பது அந்தக் குறிப்பிலேயே இருக்கும்.

எங்கள் மகளிர் குழுவில் கடல்பாசி வளர்ப்பு பற்றி யார் எது கேட்டாலும் நான்தான் பதில் சொல்கிறேன். ஒரே கேள்வி தினமும் வருகிறது. அலுப்பாக இருக்கிறது, கோபமும் வருகிறது.
(ராமேஸ்வரத்திலிருந்து ஒரு வாசகி)

திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு ஒரே ஒரு முறை நிதானமாகப் பதிலைக் குரல்பதிவாகப் பேசி, குழுவின் மேலே பின் செய்து வையுங்கள். அடுத்த முறை கேட்கிறவருக்கு "மேலே இருக்கு, கேட்டுட்டு, புரியாததை மட்டும் கேளுங்க" என்று சொன்னால் போதும், கோபப்பட வேண்டாம். பிரச்சினை சரியாகிப் போனவர்கள் திரும்பி வந்து "இப்படிச் செஞ்சேன், சரியாயிடுச்சு" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதையும் விதியாகவே வைத்துவிடுங்கள். அந்த வரிகளையும் சேர்த்து வையுங்கள், அடுத்த வருஷம் புதிதாகச் சேர்கிறவர்கள் உங்களைக் கேட்காமல் அதைத்தான் பார்ப்பார்கள்.