தோற்கிற சீசனில் ஜெயிப்பது எதற்கு?

அன்புள்ள ஐயா,

டெட்ராய்ட் நகரத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அந்த ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான லயன்ஸுக்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள். 2021இல் கிடைத்த மூன்று வெற்றிகள் இல்லாவிட்டால் 2023இன் பன்னிரண்டு வெற்றிகளும் இல்லை என்று அதில் ஒரு வரி. அதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் 2021 ஆகஸ்டில் வேலைக்காக மிச்சிகன் வந்தேன். கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. அலுவலகத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இழவு வீடு மாதிரி இருக்கும். கேட்டால் "ரீபில்டிங்", அதாவது அணியை அடியிலிருந்து புதிதாகக் கட்டுகிறோம் என்பார்கள். கடைசி மேட்சில் க்ரீன் பே பேக்கர்ஸை ஜெயித்தபோது எங்கள் டீமில் ஒருவர் துள்ளிக் குதித்தார். இன்னொருவரோ, "இதை ஜெயித்து டிராஃப்டில் முதல் இடத்தைத் தொலைத்துவிட்டார்களே" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு இன்றுவரை இரண்டாமவர் பேச்சுதான் நியாயமாகப் படுகிறது. எப்படியும் தோற்கப்போகிற வருஷம்; முழுதாகத் தோற்றுவிடுவதுதானே புத்திசாலித்தனம்? அப்புறம், டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு "இந்த வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று ரசிகர்களிடம் சொல்வது சரியா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பரின் கணக்கு சரி. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2022 ஜனவரி 9 அன்று கடைசி மேட்சுக்கு இறங்கும்போது லயன்ஸ் கையில் 2 வெற்றி, 13 தோல்வி, 1 டை. அன்று தோற்றிருந்தால் 32 அணிகளில் கடைசி இடம் அவர்களுக்கு. கடைசியில் நிற்கும் அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் தேர்வு. 37-30 என்று ஜெயித்தார்கள். முதல் தேர்வு ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்குப் போனது.

டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்காக: ஐபிஎல் ஏலம் போல இங்கே காசைக் கொட்டி இளம் வீரர்களை இழுக்க முடியாது. கல்லூரி அணிகளில் இருந்து வருகிறவர்களை ஏப்ரலில் முறை வைத்து எடுப்பார்கள். போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும், சாம்பியன் கடைசியில். பலவீனமானவர்கள் எழுந்து வரட்டும் என்று வைத்த ஏற்பாடு இது. "தோற்றால் லாபம்" என்ற எண்ணமும் இதிலிருந்துதான் பிறந்தது.

ஆனால் கே., முழுதாகத் தோற்பது எப்படி இருக்கும் என்று லயன்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008இல் பதினாறு மேட்ச், பதினாறு தோல்வி. பதினாறு மேட்ச் சீசன் வந்த பிறகு அப்படி ஆன முதல் அணி அதுதான். முதல் தேர்வும் கிடைத்தது. அதில் எடுத்த மேத்யூ ஸ்டாஃபோர்டு சாதாரண ஆளா? அருமையான குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர். எதிர்முனையில் பந்தைப் பிடிக்க கால்வின் ஜான்சன் இருந்தார். ஸ்டாஃபோர்டு பன்னிரண்டு வருஷம் ஆடினார், தோள் போனாலும் விரல் உடைந்தாலும் ஆடினார். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அணி மூன்று முறை பிளேஆஃபுக்குப் போனது. மூன்றிலும் முதல் மேட்சோடு திரும்பியது. 1992 ஜனவரியில் டல்லாஸை வென்றதுதான் கடைசி பிளேஆஃப் வெற்றி என்று அப்படியே நின்றது.

முதல் தேர்வு வந்தது, நல்ல ஆளும் வந்தார். வந்தவரைச் சுற்றி நிற்க ஒரு அணி இல்லை. உங்கள் நண்பரின் கணக்கில் இல்லாத வரி இதுதான்.

2021க்கு வருவோம். முந்தைய நவம்பரில் பயிற்சியாளரையும் பொது மேலாளரையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தார்கள். புது உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப், பிராட் ஹோம்ஸை மேலாளராகவும் டான் காம்ப்பெல்லைப் பயிற்சியாளராகவும் கொண்டுவந்தார். காம்ப்பெல் அந்த 2008 அணியில் இருந்த வீரர். காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்து அதைப் பார்த்தவர். பதவியேற்ற அன்று, "எங்களை அடித்து வீழ்த்தினால், எழும்போது உங்கள் முழங்கால் சில்லைக் கடித்துக்கொண்டுதான் எழுவோம்" என்கிற மாதிரி பேசினார். நாடே சிரித்தது. எனக்கும் அன்று அந்தப் பேச்சு ஒட்டவில்லை.

பிறகு ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஜாரெட் கோஃப் என்ற குவார்ட்டர்பேக், கூடவே இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிவிட்டவர் கோஃப். அந்த சீசன் முடிவில் ஸ்டாஃபோர்டு சூப்பர் பவுலையே, அதாவது இறுதிப் போட்டியையே ஜெயித்தார். டெட்ராய்ட்காரர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி சந்தோஷமும் கண்ணீருமாகத்தான் பலர் பார்த்தார்கள்.

இப்போது அந்தத் தோல்விகளைப் பாருங்கள். செப்டம்பர் 26, பால்டிமோர் ரேவன்ஸ். ஒரு நிமிடம் சொச்சம் இருக்கும்போது லயன்ஸ் 17-16 என்று முன்னால் வந்தது. எதிரணிக்குக் கடைசி வாய்ப்பு, 19 யார்டு போக வேண்டும்; 36 யார்டு போனார்கள். மூன்று விநாடி மீதி. ஜஸ்டின் டக்கர் 66 யார்டிலிருந்து ஃபீல்டு கோலுக்கு உதைத்தார்; பந்து குறுக்குக் கம்பியைத் தாண்டினால் மூன்று பாயிண்ட். அன்றுவரை இந்த லீக்கின் (என்.எஃப்.எல்) ஆட்டத்தில் யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து அடித்ததில்லை. பந்து குறுக்குக் கம்பியின் மேலேயே விழுந்தது. ஒரு கணம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை. எம்பி, அந்தப் பக்கம் விழுந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான். (அதற்கு முன் 64 யார்டு சாதனையை வைத்திருந்த மாட் ப்ரேட்டர் ஏழு சீசன் லயன்ஸுக்கு ஆடியவர். அந்த வருஷம்தான் வெளியே போயிருந்தார்.)

இரண்டு வாரம் கழித்து மினசோட்டா. 37 விநாடி இருக்கும்போது லயன்ஸுக்கு ஒரு டச்டவுன், அதாவது பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டியது. அதன் பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில், ஒரு பாயிண்டுக்கு உதைத்துச் சமன் செய்துகொள்ளலாம் என்ற இடத்தில் காம்ப்பெல் இரண்டு பாயிண்டுக்குப் போனார், கிடைத்தது, 17-16. எதிரணி அந்த 37 விநாடிக்குள் வந்து 54 யார்டு ஃபீல்டு கோல் அடித்துவிட்டது. ஆட்டம் முடிந்து பத்திரிகையாளர்கள் முன்னால் நின்ற காம்ப்பெல்லால் பேச முடியவில்லை. பையன்கள் உழைத்ததற்குப் பலன் இல்லையே என்று கண் கலங்கினார். அன்றுதான் அந்த மனிதரை நான் நம்ப ஆரம்பித்தேன்.

எல்லாத் தோல்வியும் இப்படி இல்லை. ஃபிலடெல்ஃபியாவிடம் 44-6 என்று வாங்கியதற்கு ஒரு நியாயமும் கிடையாது. பிட்ஸ்பர்க் மழையில் 16-16 டை. நன்றி தெரிவிக்கும் நாளன்று சிகாகோவிடம் கடைசி உதையில் தோல்வி. அப்போது 0-10-1.

டிசம்பர் 5. அதற்கு ஐந்து நாள் முன்புதான், டெட்ராய்டுக்கு வடக்கே ஆக்ஸ்ஃபோர்டு ஊர் உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு, நான்கு மாணவர்கள் இறந்துபோனார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற எங்கள் வீடுகளில் அந்த வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேட்ச் பார்க்கத் தன் கராஜுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ரேடியோ வர்ணனையை வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

மறுபடியும் மினசோட்டா. 23-21 என்று முன்னிலை. நான்கு நிமிடம் இருக்கும்போது, தன் பக்கத்து 28 யார்டில் நின்றுகொண்டு, பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ள வேண்டிய நான்காவது, கடைசி முயற்சியில் காம்ப்பெல் ஆடச் சொன்னார். பந்து பறிபோனது. மினசோட்டா 27-23 என்று முந்தியது. பெரியவர் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார், திரையைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கோஃப் 75 யார்டைத் துண்டு துண்டாகக் கடந்து வந்தார். நான்கு விநாடி. 11 யார்டு. கோல் கோட்டுக்குப் பின்னால் அமோன்-ரா செயின்ட் பிரவுன் கையில் பந்து வந்து சேரும்போது கடிகாரத்தில் பூஜ்யம். ரேடியோ முந்திக்கொண்டதால் திரையில் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர் கதவைப் பிடித்தபடியே அழுதார். ஆட்டத்துக்குப் பிறகு காம்ப்பெல், வெற்றிப் பந்தை ஆக்ஸ்ஃபோர்டு ஊருக்குக் கொடுப்பதாகச் சொல்லி, இறந்த பிள்ளைகளின் பெயரையும் காயம்பட்டவர்களின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"3 ஜெயித்து என்ன, 2 ஜெயித்து என்ன" என்பது புள்ளிப்பட்டியலுக்குச் சரி. இந்த மேட்சைப் பார்த்தவர்களிடம் அப்படிக் கேட்க முடியாது.

சரி, உணர்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்டக் கணக்காகவே பார்ப்போம். அந்த செயின்ட் பிரவுன் நான்காவது சுற்றில், 112ஆவது ஆளாக எடுக்கப்பட்ட பையன். தனக்கு முன்னால் தேர்வான பதினாறு ரிசீவர்களின் (எறியும் பந்தைப் பிடிக்கிறவர்கள்) பெயரையும் மனப்பாடமாகச் சொல்வார், அவ்வளவு ரோஷம். அவர் பிடித்த முதல் டச்டவுன் இது. சீசன் முடியும்போது 90 பந்துகள், 912 யார்டு. தோற்பதற்காக ஆடுகிற அணியில் இந்தப் பையன் யாரென்று தெரிய வந்திருக்குமா?

சீசன் நடுவில் காம்ப்பெல் களத்தில் அடுத்து எந்த உத்தி என்று சொல்லும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டபோது, டைட் எண்ட் வீரர்களின் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்கள்) பயிற்சியாளராக இருந்த பென் ஜான்சனுக்கும் பந்தை எறிந்து ஆடும் ஆட்டத்தில் பெரிய பொறுப்பு கொடுத்தார். அடுத்த மூன்று வருஷம் எல்லோரையும் திணறடித்த லயன்ஸின் தாக்குதல் ஆட்டம் அவர் கையில் உருவானது. கழித்துக்கட்டப்பட்டவர் என்று பேசப்பட்ட கோஃப் நிமிர்ந்ததும் அந்த டிசம்பரில்தான். இவை எல்லாம் ஜெயிக்க முயன்றதால் கிடைத்த தகவல்கள். டிராஃப்டில் கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. தோற்கச் சொல்லி யாரிடம் சொல்வீர்கள்? களத்தில் நிற்கும் பையனுக்கு ஒப்பந்தம் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. அணிக்குக் கிடைக்கப்போகும் அந்த முதல் தேர்வு, பெரும்பாலும் அவனுடைய இடத்துக்குத்தான் வரும். தன் நாற்காலியில் இன்னொருவன் உட்காருவதற்காக அவன் முழங்காலை ஏன் பணயம் வைக்க வேண்டும்? ஒரு முறை அப்படிச் சொல்லிவிட்ட பயிற்சியாளரை, அடுத்த வருஷம் ஜெயிக்கச் சொல்லும்போது யார் நம்புவார்கள்? 2022இல் இதே அணி 1-6 என்று ஆரம்பித்தது. உள்ளே யாரும் யாரையும் விட்டுக்கொடுக்கவில்லை. 9-8 என்று முடித்தார்கள். அந்தப் பொறுமை திடீரென்று வந்ததாக நான் நினைக்கவில்லை.

ஜாகுவார்ஸ் முதல் தேர்வில் வேறொருவரை எடுத்ததால், பக்கத்து பிளிமத் ஊர்ப் பையன் ஏய்டன் ஹட்சின்சன் இரண்டாவது தேர்வில் லயன்ஸுக்கே வந்தார், முதல் வருஷமே 9.5 சாக் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்தை எறியும் முன் வீழ்த்துவது) எடுத்தார். இதை என் வாதத்துக்கு ஆதாரமாக வைக்க மாட்டேன். அது அதிர்ஷ்டம். ஹட்சின்சன் கைவிட்டுப் போயிருந்தாலும் பேக்கர்ஸை ஜெயித்தது சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

டிக்கெட் காசு பற்றிய கேள்வி எனக்கும் உறுத்தல்தான். ரீபில்டிங் என்ற வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டும் நிர்வாகங்கள் உண்டு. டெட்ராய்டே 1957க்குப் பிறகு சாம்பியன் ஆனதில்லை. எதைக் கட்டுகிறோம் என்று நிர்வாகம் காட்ட வேண்டும், ஒவ்வொரு வாரமும் முழுதாக ஆட வேண்டும். இரண்டும் இருந்தால் தோல்வியைப் பார்க்கக் காசு வாங்குவதில் தவறில்லை என்பேன். இதே கேள்வியை அந்தப் பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன். "தோற்றதற்காக நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை, 2008இல் அவர்கள் நின்ற விதத்துக்காகத்தான் கோபம்" என்றார். 2024 ஜனவரி 14 அன்று ஸ்டாஃபோர்டு ராம்ஸோடு லயன்ஸின் சொந்த அரங்கமான ஃபோர்டு ஃபீல்டுக்கு பிளேஆஃபில் ஆட வந்து, லயன்ஸ் 24-23 என்று ஜெயித்து, அரங்கமே கோஃப் பெயரைச் சொல்லிக் கத்தியபோது அவர் கராஜில்தான் இருந்தேன். அன்றும் ரேடியோதான்.

நேரம் கிடைத்தால் அந்த பேக்கர்ஸ் மேட்சின் தொகுப்பைப் பாருங்கள். கோஃப் பந்தைப் பக்கவாட்டில் டாம் கென்னடிக்குக் கொடுப்பார். கென்னடி ரிசீவர், பந்தைப் பிடிக்கிற ஆள். அவர் ஓடாமல் நின்று, குவார்ட்டர்பேக் மாதிரி கலீஃப் ரேமண்டுக்கு எறிவார். 75 யார்டு டச்டவுன். எதற்கும் உதவாது என்று உங்கள் நண்பர் சொல்கிற அந்த மேட்சுக்காக, அந்த வாரம் பயிற்சி மைதானத்தில் எத்தனை முறை அதை எறிந்து பார்த்திருப்பார்கள் என்று அவரிடம் கேளுங்கள்.

அன்புடன்.