லியோ ஃபிராங்க் வழக்கு: 1986 மன்னிப்பின் பொருள்

வணக்கம். "1986இல் நீதிமன்றம் லியோ ஃபிராங்கை நிரபராதி என அறிவித்தது" என்று நீங்கள் எழுதிய வரியைப் பேராசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அடித்தது சரிதான். ஃபிராங்க், அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஒரு பென்சில் தொழிற்சாலையின் மேலாளராக இருந்த யூதர்; அங்கு வேலை பார்த்த ஒரு சிறுமியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர். 1986இல் அவருக்கு மன்னிப்பு வழங்கியது நீதிமன்றமன்று, ஜார்ஜியா மாநில மன்னிப்பு வாரியம். அதுவும் ஃபிராங்க் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தொடாமல், காவலில் இருந்தவரைக் காக்கவும் அவருடைய மேல்முறையீட்டு வாய்ப்பைக் காப்பாற்றவும் அவரைக் கொன்றவர்களைத் தண்டிக்கவும் மாநிலம் தவறியது என்ற அடிப்படையில் வழங்கியது.

நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் 1913 ஆகஸ்ட். அந்தப் பென்சில் தொழிற்சாலையில் வேலை பார்த்த 13 வயதுச் சிறுமி மேரி ஃபேகனின் கொலைக்காக அட்லாண்டாவில் நடந்த விசாரணையில், வெளியே திரண்ட கூட்டம் தாக்கிவிடும் என்று நீதிபதியே அஞ்சியதால், தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது குற்றம் சாட்டப்பட்டவரே அங்கு இல்லை. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று உங்களுக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

1915இல் ஜார்ஜியா ஆளுநர் ஸ்லேட்டன், ஃபிராங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஜார்ஜியா அரசியல்வாதியும் பதிப்பாளருமான டாம் வாட்சனின் இதழ்கள் யூத வெறுப்பை மூட்டிக்கொண்டிருந்த நிலையில், ஆகஸ்ட் 17 அன்று ஒரு கும்பல் ஃபிராங்கைச் சிறையிலிருந்து கடத்திச் சென்று மரியெட்டாவில் மரத்தில் தூக்கிலிட்டது. அதற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

அவர் குற்றமற்றவர் என்றே பெரும்பாலான வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை மன்னிப்போடு கலக்காமல் தனி வாக்கியமாக எழுதுங்கள்.