இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் கணினிக்கு இரட்டைப் பாதுகாப்பா?

விண்டோஸ் 10 கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் போட்டபின் எல்லாமே மெதுவாகிவிட்டது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரண்டில் ஒன்றை நீக்குங்கள். ஒரு கோப்பைத் திறந்தால் இரண்டுமே அதைச் சோதிக்கும். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினி அதிலேயே திணறிவிடும். சில சமயம் ஒன்றின் வேலையில் மற்றொன்று குறுக்கிடும். ஆக, பாதுகாப்பும் கூடுவதில்லை.

என்னைக் கேட்டால் இரண்டையுமே எடுத்துவிடலாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸே வீட்டு உபயோகத்துக்குப் போதும். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது ஒதுங்கியிருக்கும் அது, நீக்கியதும் பொதுவாகத் தானே விழித்துக்கொள்ளும். ஆனாலும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். முழு ஸ்கேனை நீங்கள் கணினியில் வேலை செய்யாத நேரத்தில் ஓடவிடுங்கள். வேகத்துக்காக டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. வைரஸ் பெரும்பாலும் வந்து இறங்கும் இடமே அதுதான்.

அப்புறம், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், கணினியோடு தானே தொடங்கும் நிரல்களில் தேவையில்லாதவற்றை முடக்குங்கள். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) போட முடிந்தால் வேறு எந்த மாற்றத்தையும்விட அதில்தான் வேகம் தெரியும்.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் எந்த ஆன்டிவைரஸும் அரைக்காவல்தான். கணினி ஏற்குமானால் விண்டோஸ் 11-க்கு மாறிவிடுங்கள்.