எங்கள் காட்டில் பிடித்த முயலுக்கும் கேஸா?

கேள்வி: நான் கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி பக்கம் ராகி, நிலக்கடலை போடும் சிறு விவசாயி. ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் என் மகன் (வயது 23) லீவுக்கு வந்திருந்தான். சனிக்கிழமை ராத்திரி என் தம்பி மகனோடு சேர்ந்து எங்கள் காட்டில் கண்ணி வைத்து ஒரு முயல் பிடித்திருக்கிறான். பைக்கில் திரும்பும்போது வனத்துறையினர் ரோட்டில் மடக்கி முயல், கம்பி, பைக், இரண்டு செல்போன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு சாயங்காலம் வரை ரேஞ்ச் ஆபீசில் வைத்திருந்து, சில தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதில் ஒன்று வெறும் தாள் என்கிறான் மகன். வியாழக்கிழமை ஆளுக்கு 50,000 ரூபாய் கட்டினால் கோர்ட்டுக்குப் போகாமல் முடியும் என்றார்களாம். ஊரில் ஒருவர், 20,000 கொடுத்தால் ரசீது இல்லாமல் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். பைக் என் பேரில் இருக்கிறது, டியூ இன்னும் ஓடுகிறது. சொந்தப் பட்டா நிலத்தில் பிடித்ததற்குக் கேஸ் போட முடியுமா? பணம் கட்டலாமா? பையன் வேலை போய்விடுமா?

பதில்: முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. பட்டா நிலம் என்பதால் தப்ப முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள் மட்டும் செல்லும் சட்டம் இல்லை. சட்டத்தின் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்படும் விலங்குகளின் பட்டியலில், இருக்கும் விலங்கை எந்த நிலத்தில் பிடித்தாலும் 9-ஆவது பிரிவின்படி அது வேட்டைதான். கண்ணி வைப்பதும், விரட்டிப் பிடிப்பதும், முட்டை எடுப்பதும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள் வருகின்றன. முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கடலைச் செடியைக் கடித்துத் தின்கிறது என்று நீங்கள் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பயிரை அழிக்கும் விலங்கை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. பிடித்துவைக்க போலீஸ்தான் வர வேண்டும் என்பதும் தவறான எண்ணம். 50-ஆவது பிரிவு வன அலுவலர்களுக்கே சோதனை போடவும், பறிமுதல் செய்யவும், கைது செய்யவும் அதிகாரம் கொடுத்திருக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய ஒரு வார்த்தைக்கு வருகிறேன். “எங்கள் காட்டில்” என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்கிறோம். மேட்டுக்காடு, சோளக்காடு, காட்டுக்குப் போய்ட்டு வர்றேன் என்பதெல்லாம் நமக்குச் சாதாரணப் பேச்சு. உங்கள் மகனும் ரேஞ்ச் ஆபீசில் இப்படியே, “காட்டில் கண்ணி வைத்தோம்” என்று சொல்லியிருப்பான். அது வாக்குமூலத்தில் அப்படியே ஏறியிருந்தால், படிக்கிறவர் காப்புக்காடு என்றோ சரணாலயம் என்றோ எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. உங்கள் வழக்கின் தலையெழுத்தே இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஏன் என்று சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இன்று இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-இல் வந்தது, அது 686 சதுர கிலோமீட்டர். தாத்தா காலத்திலிருந்து வெறும் பாரஸ்ட் என்று நாம் சொல்லிப் பழகிய பல இடங்கள் இப்போது சரணாலயத்துக்குள் போய்விட்டன. சரணாலயத்துக்கு வெளியே முயல் பிடித்தால் தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே முயலைச் சரணாலயத்துக்குள் பிடித்திருந்தால் குறைந்தபட்சமே 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம், அபராதம் 25,000-க்குக் குறையாது. உடும்பு, மயில், அலங்கு போன்ற முதல் அட்டவணை விலங்காக இருந்தால், எங்கே பிடித்தாலும் இந்தக் கடுமையான தண்டனைதான். இப்படிக் குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தைப் பணம் கட்டி முடிக்கவே முடியாது. 54-ஆவது பிரிவே அதைத் தடுக்கிறது.

ஆகையால் இன்று ராத்திரி மகனை உட்காரவைத்து, திட்டாமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கண்ணியை எங்கே வைத்தாய்? வேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? உண்மையை அவன் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அவன் செல்போன் அவர்களிடம் இருக்கிறது. அன்று ராத்திரி எங்கெங்கே போனான் என்று அதுவே காட்டிக் கொடுக்கலாம். பட்டா நிலம்தான் என்றால் சிட்டா, அடங்கல், புலப்பட நகல் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மகஜர் (பறிமுதல் செய்ததைப் பற்றி அவர்கள் எழுதிய பதிவு) நகலைக் கேட்டு வாங்கி, அதில் இடம் என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண் இருக்கிறதா, வெறுமனே “காடு” என்று இருக்கிறதா, ரோட்டில் மடக்கிய இடத்தையே பிடித்த இடமாகக் காட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் முக்கியம். தவறு இருந்தால் மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதையும் அதே கடிதத்தில், தேதியோடு எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து கோர்ட்டில் நின்று சொல்வதைவிட இந்த வாரமே எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

கையெழுத்து போட்டது மகனைக் கட்டுப்படுத்துமா என்ற பயம் உங்களுக்கு இருக்கும். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லாது என்பது பலருக்குத் தெரியும். வனத்துறை அலுவலரிடம் கொடுத்ததற்கும் அப்படியே என்று நினைத்துவிடாதீர்கள். வன அலுவலர் போலீஸ் அதிகாரி அல்ல என்று சொன்ன தீர்ப்புகள் இருக்கின்றன. அதே நேரம், 50-ஆவது பிரிவின் 8-ஆம் உட்பிரிவில் சாட்சியம் பதிவு செய்ய அதிகாரம் இருப்பது உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாதவருக்குத்தான். வனச்சரகர் (ரேஞ்சர்) எழுதிய வாக்குமூலத்தை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வாதாட வழி இருக்கிறது. ஆனால் முயல் கையில் இருந்தது. 57-ஆவது பிரிவின்படி, வனவிலங்கோ அதன் கறியோ ஒருவரிடம் இருந்ததாக நிரூபித்துவிட்டால் அது சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே அனுமானம். இல்லை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் வந்துவிடும்.

சரி, பணம் கட்டலாமா? சரணாலயத்துக்கு வெளியே, முயல், முதல் தடவை என்றால் இணக்கக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கச் சட்டப்படி கட்டும் தொகை) கட்டி முடித்துக்கொள்வது நல்ல வழிதான், நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதை ஏற்கும் அதிகாரம் துணை வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கு. ரேஞ்சர் தானாக முடித்துவிட முடியாது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல், உச்சவரம்பை 25,000-இலிருந்து 5 லட்சமாக உயர்த்திவிட்டது. அதனால் 50,000 கேட்டார்கள் என்பதாலேயே அது தவறு என்று சொல்ல முடியாது. முதல் குற்றம், குடும்ப வருமானம், ஒரே ஒரு முயல் என்பதையெல்லாம் எழுதித் தொகையைக் குறைக்கக் கேட்டு மனு கொடுங்கள். எழுத்தில் உத்தரவு, அரசு ரசீது, இரண்டு பையன்களுக்கும் தனித்தனியாக. இவை இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். முறைப்படி கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. கட்டியது கோர்ட் தண்டனையும் ஆகாது.

அந்த 20,000 ரூபாய்க்காரரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ரசீது இல்லாத பணம் எந்த வழக்கையும் முடிக்காது. நாளை வேறு அலுவலர் வந்தால் அதே மகஜர், அதே கையெழுத்து எல்லாம் அப்படியே இருக்கும். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டும் விலக்கு உண்டு. முயல் வழக்குக்குப் பயந்து லஞ்ச வழக்கில் போய் விழ வேண்டாம்.

கண்ணி வைத்தது சரணாலயத்துக்குள்தான் என்று மகன் ஒப்புக்கொண்டால் கதை வேறு. அப்போது வியாழக்கிழமை பணத்தோடு போய்ப் பயனில்லை. உடனே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்க வேண்டும். வெளியே பிடித்த வழக்கிலும், 3 ஆண்டு வரை சிறை என்பதால் ஜாமீன் உரிமையாகக் கிடைத்துவிடாது, நடுவர் (மாஜிஸ்திரேட்) பார்த்துக் கொடுக்க வேண்டும். வசதி இல்லையென்றால் கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள்.

பைக் பற்றி. வண்டி அரசுக்குப் போய்விட்டது, மறந்துவிடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பறிமுதல் செய்த வண்டி அரசின் சொத்து என்று 39-ஆவது பிரிவில் இருப்பது உண்மைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்து வழக்கு முடியும்வரை நடுவர் நீதிமன்றம் வண்டியை இடைக்காலமாக விடவே முடியாது என்று சொல்லக்கூடாது என 2008-இல் மதுகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இணக்கக் கட்டணம் வாங்கிய அலுவலருக்கு வண்டியைப் பறிமுதலாக்கும் அதிகாரம் இல்லை என்று 2011-இல் ஜான்சன் வழக்கில் இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. ஆர்.சி., இன்சூரன்ஸ், பைனான்ஸ் கம்பெனியின் கடிதம் ஆகியவற்றோடு உரிமையாளர் என்ற முறையில் நீங்களே மனு போடுங்கள். செல்போன்கள் மகஜரில் ஏறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏறாத பொருளை அவர்கள் வைத்திருக்க முடியாது.

வேலை விஷயத்தில் இப்போதைக்குப் பயம் வேண்டாம். இந்தச் சட்டத்தில் வனத்துறையே நேரடியாக நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்கிறது. அதற்கு முன்பே இணக்கமாக முடிந்தால் நிலுவையில் வழக்கு என்று ஒன்று இருக்காது. கோர்ட்டில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது சிக்கல் வரும், கோர்ட் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். எந்த விண்ணப்பத்திலாவது “கைது செய்யப்பட்டதுண்டா” என்று கேட்டிருந்தால் மட்டும் மறைக்கச் சொல்லாதீர்கள். சிறிய வழக்கைவிட, மறைத்ததுதான் பல பையன்களின் வேலையைப் பறித்திருக்கிறது.

மீனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரைக்குப் போகும் பையன்கள் வலையும் எடுத்துப் போகிறார்கள். ஆறு எல்லோருக்கும் பொது என்ற நினைப்பு. காப்புக்காட்டுக்குள் ஓடும் பகுதியில் விதிகளை மீறி மீன் பிடிப்பது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலேயே குற்றம். சரணாலயத்துக்குள் மீன் என்ன, எதையும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. வெடி போடுவதும், தண்ணீரில் மருந்து கலப்பதும் எங்கே செய்தாலும் 1897-இலிருந்தே தடை.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் இல்லாதது, ஆனால் என் மனதை அரிப்பது. ஒரு வழக்கில் பறிமுதல் செய்த கண்ணிகளைக் கோர்ட் மேசையில் பரப்பி வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பைக் கிளட்ச் கேபிளைப் பிரித்து, முனையில் முடிச்சுப் போட்டது. ஒரு கம்பியில் துரு இல்லை, காய்ந்த ரத்தத்தில் ரோமம் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பிக்கு முயல் எது, சிறுத்தை எது என்று தெரியாது. மாட்டிய மிருகம் இழுக்க இழுக்க இறுகும், இடுப்பு வரை அறுத்துவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி பக்கத்தில் காட்டுப்பன்றிக்காக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. பன்றிக்கு என்று வைத்ததுதான் அது.

உங்கள் மகனும் தம்பி மகனும் ஒரே ஒரு கண்ணி மட்டும் வைத்திருக்க மாட்டார்கள். மீதி எத்தனை, எங்கே என்று கேளுங்கள். போய் ரகசியமாகப் பிடுங்கி எறிய வேண்டாம், தடயத்தை அழித்ததாகச் சொல்வார்கள். வழக்கறிஞர் மூலமாக ரேஞ்ச் ஆபீசுக்கு நாளைக் காலையே எழுதிக் கொடுத்து, அவர்கள் ஆட்களை வைத்துக்கொண்டே எடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் ஒரு சிறுத்தை மாட்டிக்கொண்டால், நான் மேலே எழுதிய எந்த வழியும் உங்கள் பிள்ளைகளுக்குத் திறந்திருக்காது.