கணிதத்தில் முதுமாணி: விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். மூன்றாண்டுப் பொது விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளாகின்றன. கணிதத்தில் முதுமாணி செய்ய விருப்பம். பட்டப்பின் கல்வி டிப்ளோமா போதாதா என்கிறார்கள் வீட்டில். என்னால் முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: வீட்டார் சொல்வதிலும் நியாயம் உண்டு. கல்வி டிப்ளோமா ஆசிரியத் தொழிலுக்கான தகைமை; அதை இன்னும் பெறவில்லையெனில் முதலில் அதை முடித்துவிடுங்கள். ஆனால் அது கற்பிக்கும் முறையைப் பற்றிய படிப்பு. கணிதத்தின் மீதுள்ள விருப்பத்தை அது தீர்க்காது.

முடியுமா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். உயர்தரத்தில் பெரும்பாலும் விடை காண்கிறோம்; முதுமாணியில் நிறுவல்தான் எல்லாம். ஓர் எண்ணுக்கு அதன் வர்க்கத்தைத் தரும் சார்பை எடுங்கள். 100, 100.01 ஆகியவற்றின் வர்க்கங்களுக்கிடையே உள்ள வித்தியாசம் 2.0001. 1000, 1000.001 என்று இடைவெளியைப் பத்திலொன்றாகக் குறைத்தாலும் வர்க்கங்களின் வித்தியாசம் 2இற்குக் கீழே இறங்குவதில்லை. எண்கள் பெருகப் பெருக, எவ்வளவு நெருக்கமான இரண்டை எடுத்தாலும் இது நிகழ்வதால், இச்சார்பு மெய்யெண்கள் முழுவதிலும் தொடர்ச்சியானதாக இருந்தும் சீரான தொடர்ச்சி உடையதன்று; அதாவது, வர்க்கங்களை நெருக்கமாக வைத்திருக்க, எல்லா எண்களுக்கும் பொருந்தும் ஒரே இடைவெளி கிடையாது. 0 முதல் 1 வரையான மூடிய ஆயிடையிலோ அது சீரான தொடர்ச்சி உடையதாகிறது. ஏன் என்பதைப் புத்தகத்தைத் திறக்காமல், ஒரு படியையும் விடாமல் எழுதிப் பாருங்கள். முதல் முறை வராமற்போவது இயல்பே. விடாமல் மறுபடி எழுதத் தோன்றுகிறதா என்பதையே நான் பெரிதாக மதிப்பேன். அப்படித் தோன்றுமானால் தயங்காதீர்கள்.

விண்ணப்பத்துக்கு முன் ஓராண்டையாவது மெய்ப் பகுப்பாய்வுக்கும் அட்சரகணிதத்துக்கும் ஒதுக்குங்கள். இவ்விரண்டும் தளர்ந்திருந்தால் முதுமாணியில் வரும் அளவைக் கோட்பாடும் இடத்தியலும் முதல் மாதத்திலேயே திணறடிக்கும். இந்தியத் தொழினுட்பக் கழகங்களான ஐ.ஐ.ரி.க்களின் என்.பி.ரி.ஈ.எல். (NPTEL) விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம். கேட்பதோடு நிறுத்தாமல் பயிற்சிகளைக் கையால் எழுதுவது முக்கியம்.

இடத்தைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உங்களுக்கு அருகில் உள்ளது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவின் அறிவித்தல்களையும் கவனித்து வாருங்கள். பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின் கற்கை நிறுவனம் இருக்கிறது. ஆனால் ஏ-9 வழியாக வார இறுதிதோறும் கண்டிக்குப் போய்வருவதன் செலவையும் களைப்பையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி மட்டுமான முதுமாணி 9ஆம் மட்டம். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம். பின்னாளில் கலாநிதிப் பட்டத்தை நினைப்பீர்களாயின் இரண்டாவதே நல்லது. பொதுப் பட்டதாரிகளிடம் தகுதிகாண் பாடங்களை, அதாவது அனுமதிக்குத் தகுதி பெற மேலதிகமாகச் செய்ய வேண்டிய பாடங்களை, கேட்கும் துறைகளும் உண்டு. ஆகவே உங்கள் பெறுபேற்றுத் தாளின் பிரதியுடன் துறைத்தலைவருக்கு எழுதி, எந்தப் பாடங்களை மேலதிகமாகச் செய்ய வேண்டும் என்பதையும், விரிவுரைகள் பாடசாலை நாட்களில் நடக்குமா என்பதையும் கட்டணம் செலுத்தும் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.