குறைந்த செலவில் பக்கி வண்டி: தொடக்கக்காரர்களின் கேள்விகளும் ஒரு பட்டறைக்காரரின் பதில்களும்

கரடுமுரடான தரையில் ஓடும் பக்கி வண்டியை வீட்டிலேயே கட்ட விரும்புபவர்கள் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் வெல்டிங்கும் கார் வேலையும் சேர்ந்த பட்டறை ஒன்றை நடத்துபவர் எழுதித் தந்த பதில்கள் இவை.

மார்த்தாண்டம், பாலிடெக்னிக் மாணவர்: அண்ணாச்சி, நாங்கள் நான்கு நண்பர்கள் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம். முதலில் எஞ்சினை வாங்குவதா, சட்டத்தைக் கட்டுவதா?

இரண்டும் வேண்டாம், தம்பி. ஓடுகிற நிலையில் இருக்கும் ஒரு பழைய காரை முழுதாக வாங்குங்கள். எஞ்சினை ஓரிடத்திலும், கியர்பாக்ஸை வேறிடத்திலும், ஸ்டியரிங்கை ஆக்கர் கடை என்கிற பழைய இரும்புக் கடையிலுமாகத் தனித்தனியே சேர்ப்பவர்கள், அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு லேத் பட்டறையில் கொடுக்கும் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. முழுக் காரில் ரேடியேட்டர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஆக்சிலரேட்டர் கேபிள், ஒயரிங், பெடல்கள் எல்லாம் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருந்தி வருகின்றன. மாருதி 800 இதற்கு நல்ல தேர்வு. 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் காலத்து வண்டியில் ஏறக்குறைய 37 குதிரைத்திறன். பாடியைக் கழற்றிய பிறகு அது தாராளம். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டரும் சென்சார்களும் இல்லாத எளிய ஒயரிங்கோடு வேலை முடிந்துவிடும். உப்புக்காற்றில் தரைத்தகடு அரித்துப்போன கார் நம் கரையோர ஊர்களில் மலிவாகக் கிடைக்கும். அந்தத் தரைத்தகட்டைத்தான் நாம் எப்படியும் வெட்டி எறியப்போகிறோம்.

வாங்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, பதிவை ரத்துசெய்ய உரிய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கும்படி விற்பவரிடம் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு அதைக் கேட்கிறது. நாளை யாரோ ஒருவருடைய களவுபோன எஞ்சின் உங்கள் கொட்டகையில் இருப்பதாகப் பேச்சு வந்தால் இந்தக் காகிதங்கள்தாம் பதில் சொல்லும்.

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் செலவைப் பங்காகச் சொல்கிறேன். கையிருப்பைப் பத்துப் பங்காக்கினால், நான்கு காருக்கு, இரண்டு குழாய்க்கும் வெல்டிங்குக்கும், இரண்டு பிரேக், டயர், பெல்ட் ஆகியவற்றுக்கு. மீதி இரண்டை இப்போது தொடாதீர்கள். நான்கு பங்குக்குள் கார் கிடைக்கவில்லை என்றால் காத்திருங்கள். பிரேக்குக்கு வைத்த பணத்தை எடுத்துக் காருக்குப் போடாதீர்கள்.

தக்கலை: காரைவிட 150 சி.சி. பைக் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் பொருத்தினால் என்ன?

பொருத்தலாம், ஆனால் அதற்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. தோப்பில் ஒரு தென்னையின் முன்னால் நின்றுவிட்டால் இறங்கித் தள்ள வேண்டும். ஓட்டத்தில் வரும் காற்றை நம்பிக் குளிரும் எஞ்சின் அது. பக்கியின் பின்புறத்தில், இருக்கைக்குப் பின்னால் மறைந்து, மெதுவாக மேடேறும்போது கொதித்துப்போகும். திருப்பத்தில் இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியலும் இல்லாததால், இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிச் செயின் போட்டால் திருப்பத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். மிகச் சிறிய வண்டிதான் வேண்டும் என்றால் பெட்ரோல் ஆட்டோவின் பின்பகுதியை அப்படியே எடுங்கள். டிஃபரன்ஷியல், ரிவர்ஸ் இரண்டும் அதிலேயே உண்டு. அதன் 8 அங்குல ரிம்மோடு தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே அதிக உயரம் கிடைக்காது என்பதை மட்டும் தெரிந்தே எடுங்கள்.

குலசேகரம்: மாருதி 800 எடுத்துவிட்டோம். முன்பக்கத்தை அப்படியே பின்னால் கொண்டுபோய் வைத்தால் போதும் என்கிறார்கள். அவ்வளவுதானா?

அடிப்படை அதுதான், எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) எல்லாவற்றையும் ஒரே கட்டாக இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோகிறோம். இடிக்கும் இடங்கள் சில உண்டு.

காரில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்தபடிதான் எஞ்சினை வைக்க வேண்டும். இடவசதிக்காக முன்பின்னாகத் திருப்பி வைத்தால் நான்கு கியரும் பின்னோக்கி ஓடும், முன்னோக்கிப் போக ரிவர்ஸ் ஒன்றுதான் மிஞ்சும். திருப்பாமல் வைக்கும்போது கியர் ராடு ஓட்டுநருக்கு எதிர்ப்புறமாக நீண்டிருக்கும். அதை முன்னால் கொண்டுவர இடையில் ஒரு இணைப்பு செய்ய வேண்டும். அந்த இணைப்பில் தொய்வு இருந்தால் கியர் விழாது, ஆகவே அதை மெல்லிய கம்பியில் செய்யாதீர்கள்.

முன்சக்கரமாக இருந்தபோது திரும்பிய ஹப் இப்போது திரும்பக் கூடாது. டை ராடு, அதாவது ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் ராடு, பிடிக்கும் கையை, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ராடால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். அந்த ராடின் சட்டப்பக்க முனை, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து சட்டத்தோடு பிடிக்கும் கை) சட்டத்தில் பிடித்திருக்கும் புள்ளிக்கு நேர் அருகில் இருக்க வேண்டும். நீளமும் லோயர் ஆர்ம் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும். இல்லையெனில் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் தானாகத் திரும்பும், வண்டி பின்புறத்தை ஆட்டிக்கொண்டே ஓடும். கூடவே ஸ்டெபிலைசர் பாரையும் அதன் கிளாம்புகளையும் விடாமல் எடுங்கள். 800இல் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்து வைப்பதே அந்தப் பார்தான். அதை வெறும் சாய்வுத் தடுப்புக் கம்பி என்று நினைத்து விட்டுவிட்டு வருபவர்கள், சக்கரம் ஏன் நகர்கிறது என்று பிறகு கேட்கிறார்கள். ஸ்ட்ரட்டின் மேல்முனை பிடித்திருக்கும் வட்டத் தகட்டையும் கேஸ் கட்டரால் அகலமாக வெட்டி எடுத்துக்கொண்டால், அதைச் சுற்றிக் குழாய் கட்டுவது எளிது.

முன்சக்கரங்களுக்கு, திரும்பக்கூடிய இன்னொரு ஜோடி ஹப்பும், அதைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் வேண்டும்; ஆக்கர் கடையில் கிடைக்கும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஹப்பின் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது, நடுவில் செல்லும் ஆக்சில் முனையும் அதன் நட்டும்தான். முன்னால் எஞ்சின் இல்லை என்று ஆக்சிலை முழுதாக உருவிவிட்டால் பேரிங் பிடிப்பற்று ஆடி, சக்கரமே கழன்றுவிடும். ஆகவே வெளிப்பக்க ஜாயின்ட்டை மட்டும் ஷாஃப்டிலிருந்து பிரித்து ஹப்பிலேயே விட்டு, நட்டைக் காரில் இருந்த அதே இறுக்கத்துக்கு முறுக்குங்கள். ஸ்டியரிங் ரேக்கையும் காரில் இருந்த முகமாகவே வையுங்கள்.

வடசேரி: வீட்டில் மோட்டார் பம்புக்கு வாங்கிய ஜி.ஐ. குழாய் நிறைய மிச்சம் கிடக்கிறது. அதில் ஆளைச் சுற்றி வரும் பாதுகாப்புக் கூண்டு கட்டலாமா?

கட்டக் கூடாது. தண்ணீர்க் குழாய் தண்ணீர் போவதற்காகச் செய்யப்பட்டது. அதன் மேல் உள்ள துத்தநாகம் வெல்டிங் சூட்டில் புகையாகி, சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். மூட்டிலும் சிறுசிறு துளைகள் விழும்.

மைல்ட் ஸ்டீல் குழாயை அளவு சொல்லி வாங்குங்கள், வெளிவிட்டத்தையும் தகட்டுக் கனத்தையும் வெர்னியர் வைத்துக் கடையிலேயே அளந்து பாருங்கள். கல்லூரி மாணவர்கள் பக்கி கட்டி ஓட்டும் பாஹா போட்டியின் விதிகளில் முதன்மைக் கூண்டுக்கு ஏறக்குறைய 25 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் அடிப்படையாக இருந்துவருகின்றன. ஆனால் அது சிறிய எஞ்சினோடு ஒருவர் மட்டும் ஓட்டும் இலகுவான வண்டி, அதன் உலோகத்துக்கும் தரக் கட்டுப்பாடு உண்டு. கார் எஞ்சின் சுமந்து இருவர் உட்காரும் வண்டிக்கு 38 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் நான் சொல்லும் அளவு. மீட்டருக்கு 1.6 கிலோவாக இருந்த எடை 2.6 கிலோ ஆகும். வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறக்குறைய நான்கு மடங்காகும். 30 மீட்டர் குழாய் போனால் 78 கிலோ, அதை வைத்துக் கடையில் விலை கேளுங்கள்.

குழாயைவிடப் பெரிய விஷயம் அது போகும் வழி. கூண்டைப் பக்கவாட்டில் பார்த்தால் நாற்கோணங்கள் தெரியக் கூடாது; ஒவ்வொரு நாற்கோணத்திலும் ஒரு மூலைக்கம்பி ஓடி முக்கோணமாக்க வேண்டும். ஒரு குழாயின் நடுவில் இன்னொரு குழாயின் முனை வந்து முட்டுமானால் விழும் அடி அந்த நடுவை உடைக்கும். முனைகள் எல்லாம் மூட்டில் வந்து சேரட்டும். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தவரின் தலைக்கும் மேல்குழாய்க்கும் இடையே 150 மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். தோள்பட்டைப் பெல்ட்டைப் பிடிக்க, தோள் உயரத்தில் ஒரு குறுக்குக்குழாயை இப்போதே வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். இருக்கையின் அடித்தகட்டில் பெல்ட்டைக் கட்டுவது, கட்டாமல் இருப்பதற்குச் சமம்.

இரணியல்: வெல்டிங் நாங்களே பழகிச் செய்யலாமா, அல்லது கூலிக்குக் கொடுப்பதா?

இரண்டும் செய்யுங்கள். அறுப்பது, முனையை மீன்வாய் போலக் குடைந்து இடைவெளியில்லாமல் பொருத்துவது, பொட்டு வைப்பது (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங் போட்டு நிறுத்துவது) எல்லாம் உங்கள் வேலை. நேரம் தின்பது அதுதான், கூலிக்குக் கொடுத்தால் பணம் தின்பதும் அதுதான். கூண்டின் முக்கிய மூட்டுகளை முழு வெல்டிங் செய்வதற்கு மட்டும் தெரிந்த ஆளை அழையுங்கள். வளைகுடாவில் பைப் வெல்டிங் செய்து திரும்பியவர்கள் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் இருக்கிறார்கள். எல்லாம் பொருத்தித் தயாராக வைத்திருந்தால் ஒரு நாள் கூலியில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

நீங்கள் பழகும்போது 6013 ரக வெல்டிங் ராடு, 2.5 மி.மீ. கனம், 70 முதல் 90 ஆம்பியர் வரை என்று தொடங்குங்கள். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் என்பதால் ராடு சீக்கிரம் ஈரம் இழுக்கும்; மூடிய டப்பாவில் வையுங்கள். துண்டுக் குழாய்கள் இரண்டை ‘டி’ வடிவில் ஒட்டி, ஆறிய பிறகு வைஸில் பிடித்துச் சம்மட்டியால் அடியுங்கள். குழாய் நசுங்கி வெல்டிங் நின்றால் தேறினீர்கள். வெல்டிங் பட்டையாகப் பெயர்ந்து, அடியில் குழாயின் பரப்பு பளபளப்பாகத் தெரிந்தால் உலோகம் உருகிக் கலக்கவே இல்லை, மேலே பூசியிருக்கிறீர்கள். சட்டம் முழுவதையும் சமதளத் தரையில் பொட்டு வெல்டிங்கில் நிறுத்தி, எஞ்சினையும் இருக்கையையும் வைத்து, ஒருவரை உட்காரவைத்துப் பார்த்த பிறகே முழு வெல்டிங் தொடங்க வேண்டும். அப்போதும் ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டு போகாமல் இடம் வலமாக மாற்றி மாற்றிச் செய்தால்தான் சட்டம் முறுக்கிக்கொள்ளாது.

குளச்சல்: கடற்கரை மணலில் ஓட்டுவதற்குத்தான் கட்டுகிறேன். டயர் எது நல்லது?

மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பகுதியில் வருகின்றன; அவற்றின் மேல் வண்டி ஏற்றும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். வலையும் வள்ளமும் கிடக்கும் கரையில் ஓட்டினால் ஊரில் யாரும் பொறுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வண்டிக்கும் அது கேடு. மணவாளக்குறிச்சி பக்கத்து மணலில் இல்மனைட்டோடு கார்னெட் என்ற தாதுவும் இருக்கிறது. உலோகத்தைத் தேய்ப்பதற்கென்றே தொழிற்சாலைகள் வாங்கும் பொருள் அது. பிரேக் டிரம்முக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் நுழைந்தால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும். உங்கள் ஊர்க் காற்றுக்கு, குழாய் முனைகளை எல்லாம் அடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, ஓட்டியபின் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆரல்வாய்மொழி: எங்கள் பக்கம் காற்றும் புழுதியும் அதிகம்.

காரின் ஏர் ஃபில்டரை இருக்கைக்கு மேல் உயரத்தில், சக்கரம் புழுதி எறியாத இடத்தில் வைத்து, மேலே ஒரு ஃபோம் உறை போடுங்கள். ஓட்டிய பிறகு உறையைக் கழுவுங்கள்.

கருங்கல், ஒரு தாயார்: ஐயா, என் மகனுக்குப் பதினேழு வயது. கட்டி முடித்து ரோட்டில் ஒரு சுற்று மட்டும் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது.

கட்டட்டும் அம்மா, நல்ல வேலைதான். ரோட்டுக்கு மட்டும் விடாதீர்கள். பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வண்டிக்கும் பதிவு வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டில் கட்டிய வண்டிக்கு, பதிவு பெறத் தேவையான மாதிரி ஒப்புதல் (வண்டியின் வடிவமைப்பு விதிப்படி உள்ளது என்ற சான்று) வாங்குவது தனியாளுக்கு நடைமுறையில் இயலாத காரியம். பதிவில்லாத வண்டிக்கு இன்சூரன்சும் கிடையாது. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். இதை அவனிடமே வாசித்துக் காட்டுங்கள். சொந்தத் தோப்பிலோ, உரிமையாளர் சம்மதித்த ரப்பர் தோட்டத்திலோ, பெரியவர் ஒருவர் கூட இருக்க, ஓட்டலாம். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் காட்டுப் பாதைகளில் நுழையக் கூடாது. அவற்றில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம்.

குழித்துறை: வண்டி தயாராகிவிட்டது. முதல் ஓட்டத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பிரேக்கை. பின்பக்கம் கனமான வண்டி என்பதால் காரில் இருந்த முன்பின் பங்கீடு இங்கே பொருந்தாது. செம்மண் தரையில் நடைவேகத்தில் ஓட்டிச் சட்டென்று மிதியுங்கள். நான்கு சக்கரமும் நின்று, நான்கு தடமும் இழுபட்டிருக்க வேண்டும். பின்சக்கரங்கள் மட்டும் முந்தி நின்றால் வேகத்தில் வண்டி சுழன்றுவிடும். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ரேடியேட்டர் முன்னால் இருந்தால் நீண்ட ஹோஸின் உயரமான இடத்தில் காற்றை வெளியேற்றியிருக்கிறீர்களா என்று கவனியுங்கள். பெட்ரோல் டாங்க் சைலன்சரிலிருந்து விலகி இருக்கட்டும்; எஞ்சினை நிறுத்தும் சுவிட்சு பெல்ட் கட்டிய நிலையிலேயே கைக்கு எட்ட வேண்டும்.

தோட்டத்துக்கு டாட்டா ஏஸில் ஏற்றிப் போங்கள். பக்கியின் அகலம் அந்தத் தொட்டிக்குள் அடங்குமா என்பதைச் சட்டம் கட்டும் முன்பே அளந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் பக்கப்பலகைகளைத் திறந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காமல் பெரிய வண்டியாகவே அமர்த்துங்கள். முதல் அரைமணி ஓடியதும் நிறுத்தி, எல்லா போல்ட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் சட்டம் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், எது சுழன்றிருக்கிறது என்று அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும்.