கோயில் வாசல் வரை நடை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மதுரையில் நடைபாதை வடிவமைப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளில் நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு அம்மா: சித்திரை வீதியில் வெயில் நேரத்தில் கால் வைக்க முடியவில்லை. மரம் நட்டால் சரியாகுமா?

நடலாம் அம்மா, ஆனால் இந்த வருஷக் கோடைக்கு அது உதவாது. மதுரையில் சித்திரை பிறக்கும்போது உச்சிப்பொழுதில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். மதிலும் கோபுரமும் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அந்த நேரத்தில் வீதிக்கு நிழல் வராது. தலைக்கு மேலே பந்தல் வேண்டும். அப்புறம், செருப்பு விடும் இடம். அது வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தூரமும் வெறுங்கால் நடை. போன சித்திரையில் பதினோரு மணி வெயிலில் ஒரு பாட்டி, கையில் அர்ச்சனைத் தட்டோடு, குதிகாலை மட்டும் ஊன்றி ஓடிவந்து ஒரு கம்பத்தின் நிழலில் நின்றார். அரையடி அகல நிழல். அதற்குள் ஒரு பாதத்துக்குப் பின்னால் இன்னொரு பாதத்தை வைத்து நின்றுகொண்டிருந்தார். எனக்கு மனசே கேட்கவில்லை. செருப்பு விடும் இடத்திலிருந்து வாசல் வரை தென்னைநார் விரிப்பு போட்டுத் தண்ணீர் தெளித்தாலே போதும். புதிதாகக் கல் பதித்தால் வெளிர் நிறக் கல்லாக, மழுமழுவென்று இழைக்காமல் உளியால் கொத்தியதாகக் கேளுங்கள். இழைத்த கல் மழையில் வழுக்கிவிடும்.

மாசி வீதிக் கடைக்காரர்: வண்டி ஏறாமல் இருக்க நடைபாதை ஓரம் கம்பம் நடலாமா?

நடலாம், ஆனால் கழற்றி எடுக்கிற கம்பமாக இருக்கட்டும். சித்திரைத் தேர் உங்கள் வீதியில்தான் வருகிறது.

திருப்பரங்குன்றம் வாசகர்: எங்கள் தெருக் கோயிலுக்கு மூன்று படி. அப்பா சக்கர நாற்காலியில் இருக்கிறார். பலகை போட்டால் போதுமா?

போதாது சார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளத்துக்குக் கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் 18 அடி நீளம், நாலடி அகலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. நேராக இடமில்லையென்றால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். பின்வாசல் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அப்பாவும் எல்லோரையும் போல முன்வாசல் வழியாகவே சாமி பார்க்கட்டும்.

நெல்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் சந்தில் நெரிசல். வாசலை அகலப்படுத்தலாமா?

வாசலை விட அதற்கு வெளியே இருக்கும் இடத்தைப் பாருங்கள் தம்பி. வரும்போது ஒவ்வொருவராக வருவார்கள், போகும்போது ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். வாசலுக்கு நேர் எதிரே பைக் நிறுத்துவதை அந்த ஒரு மணி நேரம் தெருமுனைக்கு மாற்றிப் பாருங்கள்.